பாலராமபுரத்துப் பாவும் மென்பொருள் பங்கும்: எல்லையோரக் கிராமங்களில் முதலீடும் இயந்திரமும்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே களியக்காவிளை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் முதலில் பாலராமபுரம் வரும். பின்னர் நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, இறுதியாகப் பாறசாலை. அதற்கப்பால் தமிழ்நாடு. பாலராமபுரம் நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த நெசவாளர் ஊர். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் பெயரே ஊரின் பெயர். அவருடைய திவான் உம்மிணித் தம்பி, அரண்மனைக்கு வேண்டிய நல்லாடைகளை நெய்வதற்காகத் திருநெல்வேலிச் சீமையின் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து சாலியர் குடும்பங்களை வரவழைத்துக் குடியமர்த்தினார் என்பது மரபு. வந்தவை ஏழு குடும்பங்கள் என்று ஊரார் சொல்வர். ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புத்தன் தெரு என்று அவர்களுக்கு வகுக்கப்பட்ட தெருக்கள் இன்றும் உள்ளன. தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்துக் கஞ்சி தோய்த்து உலர்த்தும் வழக்கமும், காலுக்குக் குழி வெட்டிய குழித்தறியில் நாடாவைக் கையாலேயே எறிந்து நெய்யும் முறையும் அங்கே முற்றிலும் மறைந்துவிடவில்லை.

இந்தத் தெருக்களுக்கும் பங்குச் சந்தைக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி இயல்பானது. செயற்கை நுண்ணறிவின் வருகைக்குப் பின் மென்பொருள் நிறுவனப் பங்குகளை வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இயந்திரம் வேலையைச் சுருக்கினால், சுருங்கிய வேலையின் ஆதாயம் யார் கைக்குப் போகும்? நெசவின் வரலாறு இதே கேள்விக்கு ஒருமுறை அல்ல, மூன்று நான்கு முறை விடை கண்டிருக்கிறது. அந்த விடைகள் முதலீட்டாளருக்கு எப்போதும் இனிப்பானவையாக இருந்ததில்லை. தொழில் அழியுமா என்று மட்டும் கேட்பவர் வரலாற்றைப் பாதி படித்தவர். தொழில் அழியாமலே அதில் போட்ட பணம் அழியலாம். பொருள் நிலைத்திருக்க அதைச் செய்தவரின் கூலி மட்டும் தேயலாம்.

முதலில் காலத்தைப் பற்றி. எட்மண்ட் கார்ட்ரைட் விசைத்தறிக்கு முதல் காப்புரிமை பெற்றது 1785இல். அதன்பின் கைத்தறியாளர் தொகை உடனே சரிந்திருக்க வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். நடந்தது வேறு. நூற்புதான் முதலில் இயந்திரமயமாயிற்று. மலிவான ஆலை நூல் பெருகப் பெருக அதை நெய்துதர மேலும் மேலும் கைகள் தேவைப்பட்டன. பிரிட்டனில் பருத்திக் கைத்தறியாளர் தொகை 1820களில் ஏறத்தாழ 2,40,000 என்ற உச்சத்தைத் தொட்டது என்பர் பொருளியல் வரலாற்றாசிரியர்கள். 1850 அளவில் அது 50,000க்கும் கீழே போய்விட்டது. காப்புரிமைக்கும் உச்சத்துக்கும் இடையே ஒரு தலைமுறைக்கு மேல். உச்சத்துக்கும் சரிவுக்கும் இடையே முப்பது ஆண்டுகளே. இதில் இன்னொரு செய்தியும் உண்டு. ஆள் தொகை ஏறிக்கொண்டிருந்த காலத்திலேயே கூலி இறங்கத் தொடங்கிவிட்டது. தொழில் செழிக்கிறது என்று காட்டிய எண் ஒன்று, அதன் உள்ளீரம் வற்றுவதைக் காட்டிய எண் மற்றொன்று. முதல் எண்ணை மட்டும் பார்த்தவர்கள் 1820இல் மகனையும் தறியில் உட்கார வைத்தார்கள். டேவிட் ரிக்கார்டோ தம் பொருளியல் நூலின் மூன்றாம் பதிப்பில் இயந்திரம் குறித்த புதிய இயல் ஒன்றைச் சேர்த்து, தம் முந்தைய நம்பிக்கையைத் தாமே திருத்திக்கொண்டது 1821இல் என்பதை இங்கே நினைவிற்கொள்ளலாம். பொருளியலறிஞர் தம் கருத்தைப் பொதுவெளியில் மாற்றிக்கொள்வது அன்றும் அரிது, இன்றும் அரிது.

தென்னிந்தியாவில் கதை இன்னும் மெதுவாக நகர்ந்தது. ஆலை நூல் இங்கும் முதலில் நெசவாளருக்கு உதவியாகவே வந்தது. நூற்பவர்தாம் முதலில் வேலையிழந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கயிற்றை இழுத்தால் தானே ஓடும் விசைநாடா பரவியது. ஜான் கே அதை இங்கிலாந்தில் கண்டுபிடித்தது 1733இல். சென்னை மாகாணத் தறிகளில் அது பெருவழக்காவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. கேரளத்தைச் சேர்ந்த பொருளியலறிஞர் பி.ஜே. தாமஸ் தலைமையில் அமைந்து 1942இல் அறிக்கை தந்த கைத்தறி, ஆலைகள் குறித்த உண்மையறியும் குழு, சென்னை மாகாணத் தறிகளில் மிகப் பெரும்பான்மை விசைநாடாத் தறிகளாகிவிட்டதைப் பதிவு செய்தது. ஒரே நாளில் நெய்யக்கூடிய முழம் கூடியது. ஆனால் நெசவாளருக்குக் கூலி நாளுக்கு அன்று, துண்டுக்கு. துண்டு விரைந்து முடிந்தபோது துண்டுக்கான கூலி குறைந்தது. நூல் முன்பணமாகத் தந்து துணியைத் திரும்பப் பெறும் நெசவு முதலாளிக்கு ஆதாயத்தின் ஒரு பகுதி போயிற்று. போட்டி மிகுந்த இடத்தில் அவரிடமும் அது தங்கவில்லை, துணி வாங்குபவருக்குப் போயிற்று.

பாலராமபுரம் இந்தப் போக்கிலிருந்து ஒதுங்கி நின்ற ஊர்களுள் ஒன்று. எறிநாடாவை அது விடவில்லை. இருபுறமும் ஒரே தோற்றம் தரும் மென்மையான பருத்தித் துணி, கசவு கரை, கேரளத்தாரின் ஓணமும் திருமணமும் தரும் தேவை: இம்மூன்றும் சேர்ந்து அதற்கு ஒரு காப்பை அளித்தன. பின்னர் சட்டமும் துணை வந்தது. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் 22 வகைகளைப் பட்டியலிட்டது. பின்னாளில் அது 11ஆகச் சுருக்கப்பட்டது. பாலராமபுரம் சேலைக்கும் நயப் பருத்தித் துணிக்கும் புவிசார் குறியீடும் கிடைத்தது. கேரள அரசு பள்ளிப் பிள்ளைகளின் சீருடையைக் கைத்தறியில் நெய்விக்கத் தொடங்கியபின் வேலை நாட்களும் கூடின. இத்தனைக்குப் பிறகும் ‘கேரளச் சேலை’ என்ற பெயரில் கடைகளில் குவிவதில் பெரும்பகுதி தமிழ்நாட்டு விசைத்தறிகளில் நெய்யப்பட்டது. பெயருக்குக் காப்பு கிடைத்தது. பெயரால் வரும் வருவாய்க்குக் கிடைக்கவில்லை. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் தறியைவிட்டு வெளியேறியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வெளியேறியவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு எல்லையின் வரலாற்றையும் சற்றுப் பார்க்க வேண்டும். திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழ் வழங்கும் வட்டங்கள் என்று சென்னையோடு இணைக்கக் கோரிய பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. மாநிலச் சீரமைப்பு ஆணையம் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கையும் செங்கோட்டையையும் மட்டும் ஏற்றது. 1956 நவம்பர் 1 முதல் பாறசாலை கேரளத்தின் தென்கோடியாயிற்று. சந்தையும் திருமணமும் கோட்டைக் கடந்து தொடர்ந்தன. பள்ளியும் அரசுப் பணியும் கோட்டின்படி பிரிந்தன. 1979இல் திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரி இரயில் பாதை திறக்கப்பட்டபோது பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் நிலையங்களாயின. 1990இல் கழக்கூட்டத்தில் இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாக டெக்னோபார்க் உருவாயிற்று. 1995இல் அன்றைய தலைமையமைச்சர் நரசிம்ம ராவ் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். பாறசாலை, களியக்காவிளை, குழித்துறைப் பக்கத்து இளைஞருக்கு இந்தப் பாதையும் இந்தப் பூங்காவும் சேர்ந்து ஒரு புதிய வாழ்க்கையைத் திறந்துவிட்டன. மலையாளமா தமிழா என்று கேளாத முதல் பெருந்தொழில் இப்பகுதியில் மென்பொருளே எனலாம். இதன் சமூகப் பொருள் இன்னும் முறையாக எழுதப்படவில்லை.

சம்பளம் வந்தது, சேமிப்பு எங்கே போயிற்று? இப்பகுதியின் நிதி நினைவு காயம்பட்ட நினைவு. 1937இல் இரு வங்கிகள் இணைந்து உருவான திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி, அக்காலத் தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளுள் ஒன்று. 1938 ஜூன் 21இல் அது கொடுப்பனவை நிறுத்தியது. திவான் சி.பி. ராமசாமி ஐயருக்கும் வங்கி நிர்வாகத்துக்கும் இருந்த பகை எவ்வளவு காரணம், வங்கியின் சொந்த நலிவு எவ்வளவு காரணம் என்பதில் வரலாற்றாசிரியரிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை. அதே ஆண்டு ஆகஸ்டு 31இல் பொறுப்பாட்சிப் போராட்டத்தின்போது நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச்சூடு நடந்து வீரராகவன் உள்ளிட்டோர் உயிரிழந்தனர். ஒரே கோடையிலும் மழையிலுமாகத் திருவிதாங்கூர் மக்கள் அரசின் மேலும் வங்கியின் மேலும் ஒருசேர நம்பிக்கை இழந்தார்கள். அதன்பின் நிலம், பொன், சிட்டி ஆகியவையே சேமிப்பின் வடிவங்கள். சிட்டியும் எப்போதும் காத்ததில்லை. 2017இல் பாறசாலையை அடுத்த எல்லைக்கிராமம் ஒன்றில் நிதி நிறுவனம் ஒன்று கதவடைத்தபோது இரு மாநிலத்தாரும் வாசலில் நின்றார்கள். எந்த மாநிலக் காவல்துறை விசாரிப்பது என்பதே முதல் சிக்கலாயிற்று.

பங்குச் சந்தை இந்தப் பகுதிக்குக் காலம் தாழ்த்தியே வந்தது, பெரும்பாலும் கைப்பேசி வழியாக. இந்திய அளவில் 2020 மார்ச்சில் டீமேட் கணக்குகள் ஏறத்தாழ 4 கோடி. 2024 முடிவில் 18 கோடிக்கு மேல். புதிதாக வந்தவர் எந்தப் பங்கை முதலில் வாங்குவார் என்பதை ஊகிப்பது கடினமன்று. தம் தெருவில் எவர் வீடு கட்டினாரோ அவர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பங்கு. மென்பொருள் நிறுவனம் என்பது இங்கே ஓர் எண்ணன்று, தெரிந்த முகம்.

அந்த முகத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. இன்போசிஸ் 1993இல் பொதுப்பங்கு வெளியிட்டபோது விலை 95 ரூபாய். கேட்டவர் போதவில்லை; மார்கன் ஸ்டான்லி 13 விழுக்காட்டை எடுத்துக்கொண்டதால்தான் வெளியீடு நிறைந்தது. ஆறே ஆண்டுகளில், 1999 மார்ச்சில், அந்நிறுவனம் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் இடம்பெற்றது. ஆண்டு 2000 கணினிச் சிக்கல் இந்திய நிரலாளருக்குக் கதவைத் திறந்தது. அந்த வேகத்தில் ‘மென்பொருள்’ என்ற சொல் ஒட்டிய எந்தப் பங்கும் ஏறியது. சென்னையின் பென்டாமீடியா கிராபிக்ஸ், டி.எஸ்.கியூ. சாப்ட்வேர் ஆகிய பெயர்கள் அன்று நாளிதழ்களின் வணிகப் பக்கங்களில் நாள்தோறும் அடிபட்டன. நாஸ்டாக் குறியீடு 2000 மார்ச் 10இல் 5,048இல் முடிந்தது. 2002 அக்டோபருக்குள் அதில் முக்கால் பங்குக்கு மேல் கரைந்தது. அதே உயரத்தை மீண்டும் தொட்டது 2015இல்தான். இந்தியாவிலும் 2001 மார்ச்சில் கேத்தன் பரேக் விவகாரம் வெடித்து அவர் கைப்பட்ட பங்குகள் சரிந்தன.

இங்கே கவனிக்கத்தக்கது, அந்தச் சரிவுக்குப் பிறகு இந்திய மென்பொருள் தொழில் சுருங்கவில்லை என்பது. பன்மடங்கு வளர்ந்தது. டி.சி.எஸ். பொதுப்பங்கு வெளியிட்டதே 2004இல், 850 ரூபாய் விலையில். தொழிலின் எதிர்காலத்தைப் பற்றி 2000இல் பங்கு வாங்கியவர் தவறாக எண்ணவில்லை. விலையைப் பற்றித் தவறாக எண்ணினார். நல்ல நிறுவனத்தை உச்ச விலையில் வாங்கியவர் பல ஆண்டுகள் காத்திருந்தார். தவறான நிறுவனத்தை வாங்கியவர் காத்தும் பயனில்லை. 2009 ஜனவரி 7இல் சத்யம் நிறுவனத்தின் தலைவர் கணக்குகள் பொய் என்று தாமே எழுதித் தந்தபோது, தொழில்நுட்பம் பற்றிய அறிவு எதுவும் அந்தப் பங்குதாரரைக் காத்திருக்க முடியாது.

இப்போது செயற்கை நுண்ணறிவு. 2022 நவம்பர் 30இல் சாட்ஜிபிடி வெளியாயிற்று. அடுத்த மே மாதத்தில், அமெரிக்காவில் மாணவர்க்குப் பாட உதவி விற்றுவந்த செக் நிறுவனத்தின் தலைவர், புதிய வாடிக்கையாளர் வருகையை சாட்ஜிபிடி பாதிக்கிறது என்று ஒப்புக்கொண்ட மறுநாள் அதன் பங்கு ஏறத்தாழப் பாதி மதிப்பை இழந்தது. இந்தியாவில் அதிர்ச்சி இவ்வளவு நாடகத்தன்மையோடு வரவில்லை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியருள் 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000க்கும் மேற்பட்டோரை, விடுவிப்பதாக அறிவித்தது. திறன்கள் பொருந்தாமையே காரணம், செயற்கை நுண்ணறிவு தரும் உற்பத்திப் பெருக்கம் அன்று என்பது நிறுவனத் தலைமையின் விளக்கம். அவ்வாண்டு நிஃப்டி 50 ஏறியபோது நிஃப்டி ஐ.டி. குறியீடு இறங்கியது. அதற்கும் செயற்கை நுண்ணறிவு ஒன்றையே காரணமாக்குவது முறையாகாது: அமெரிக்க வாடிக்கையாளரின் செலவுச் சுருக்கம், அந்த நாடு எச்-1பி விசாவுக்கு விதித்த 1,00,000 டாலர் கட்டணம், பன்னாட்டு நிறுவனங்கள் இந்தியாவிலேயே சொந்த அலுவலகம் திறந்து வேலையை உள்ளிழுத்துக்கொள்வது ஆகியவையும் உண்டு. ஒற்றைக் காரணம் தேடும் அவசரம் செய்தித்தாளுக்குப் பொருந்தலாம், வரலாற்றுக்குப் பொருந்தாது.

ஆயினும் அடிப்படையான ஒரு கேள்வி, பாலராமபுரத்துத் தெருவில் எழுந்த அதே கேள்வி, தப்ப முடியாதது. விலை எந்த அலகுக்கு? இந்திய மென்பொருள் சேவை நிறுவனங்களின் வருவாய் நெடுங்காலமாக ஆள்-மணி, ஆள்-மாதம் என்ற அலகுகளில் கட்டப்பட்டது. ஆயிரம் பேர் ஓராண்டு உழைத்தால் இவ்வளவு தொகை. ஒருவர் செய்த வேலையை இயந்திரத்தின் துணையோடு அவரே பாதி நேரத்தில் முடித்தால், வாடிக்கையாளர் பாதிப் பணம் தருவதாகச் சொல்வார். வேலை கெட்டுப்போகவில்லை, நிறுவனம் திறமை இழக்கவில்லை, விற்கும் அலகு மட்டும் சுருங்கிவிட்டது. துண்டுக்குக் கூலி வாங்கியவரின் கையில் விசைநாடா வந்தபோது நடந்ததும் இதுவே. சுருங்கிய விலையை ஈடுகட்டும் அளவுக்குப் புதிய வேலை பெருகுமா என்பதுதான் இந்தப் பங்குகளின் மேல் உள்ள பந்தயம். மலிவான நூல் நெசவை முதலில் பெருக்கியது போலப் பெருகவும் கூடும். அந்தப் பெருக்கம் எத்தனை ஆண்டுகள் நீடிக்கும் என்பதை 1820இல் எவரும் சொல்ல முடியவில்லை.

சேவை விற்பவரைவிட மென்பொருளையே பொருளாக விற்பவர் பாதுகாப்பானவர் என்ற கருத்து ஒன்று உலவுகிறது. அதையும் சோதிக்க வேண்டும். சென்னையில் தோன்றிய பிரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் 36 டாலர் விலையில் பங்கு வெளியிட்டது. தமிழ் இளைஞர் பலர் பெருமிதத்தோடு பார்த்த நாள் அது. ஊழியர் பலர் அன்று பங்குகளால் கோடீசுவரராயினர். அடுத்த ஆண்டே பங்கின் விலை வெளியீட்டு விலைக்கு வெகு கீழே போயிற்று. 2024 நவம்பரில் ஊழியருள் ஏறத்தாழ 13 விழுக்காட்டினரை நிறுவனம் விடுவித்தது. இத்தகைய நிறுவனங்கள் விற்பது ‘இருக்கை’க் கணக்கில்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவில் நூறு பேர் அமர்ந்தால் நூறு சந்தா. அந்த நூறு பேர் செய்யும் வேலையை இயந்திரம் செய்யத் தொடங்கி, முப்பது பேர் போதும் என்றானால், சந்தாவும் முப்பதே. சேல்ஸ்போர்ஸ் நிறுவனம் 2024இல் தன் தானியங்கி முகவருக்கு உரையாடல் ஒன்றுக்கு 2 டாலர் என விலை வைத்தது இதனை உணர்ந்துதான். இருக்கையிலிருந்து உரையாடலுக்கு அலகு மாறுவது விற்பனைத் துறையின் சிறு உத்தி போலத் தோன்றும். முதலீட்டாளர் முதலில் படிக்க வேண்டிய பக்கம் அதுவே. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் ஜோகோ பங்குச் சந்தைக்கே வராமல் இருப்பதால், காலாண்டுதோறும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் கட்டாயம் அதற்கு இல்லை. பொதுமக்கள் அதில் பங்கு வாங்கவும் வழியில்லை.

இயந்திரத்தை வாங்கிப் பொருத்திக்கொள்ளும் நிறுவனம் தப்பிவிடும் என்பது மற்றொரு நம்பிக்கை. இந்நாளில் எந்த மென்பொருள் நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் புரட்டினாலும் செயற்கை நுண்ணறிவில் முதலீடு, பயிற்சி, கூட்டணி என்ற சொற்கள் நிறைந்திருக்கும். இதற்கும் நெசவே சான்று தருகிறது, இம்முறை அமெரிக்காவிலிருந்து. வாரன் பபெட் 1965இல் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த பெர்க்ஷயர் ஹாத்வே ஒரு துணி ஆலை நிறுவனம். இருபது ஆண்டுகள் அவர் அந்த ஆலையைக் காக்க முயன்றார். புதிய இயந்திரம் வாங்கச் சொல்லி வந்த ஒவ்வொரு திட்டமும் தனித்துப் பார்த்தால் ஆதாயமானது. செலவு குறையும் என்று கணக்கு காட்டியது. ஆனால் போட்டியாளர் அனைவரும் அதே இயந்திரத்தை வாங்கினர். எல்லோருடைய செலவும் குறைந்தபோது துணியின் விலையும் குறைந்தது. ஆதாயம் துணி வாங்கியவருக்குப் போயிற்று. 1985இல் ஆலை மூடப்பட்டது. அவ்வாண்டுக்கான தம் பங்குதாரர் மடலில் இதை அவர் மறைக்காமல் விளக்கியிருக்கிறார். பர்லிங்டன் என்ற பெரிய துணி நிறுவனம் 1964க்குப் பின் ஏறத்தாழ 300 கோடி டாலரை இயந்திரங்களில் போட்டும் அதன் பங்குதாரருக்கு உருப்படியாக எதுவும் மிஞ்சவில்லை என்பதையும் அங்கே எடுத்துக்காட்டுகிறார். அந்த மடலில் உள்ள ஒரு சிறு கணக்கு பெரிய கோட்பாடுகளைவிடத் தெளிவானது: 1981இல் தலா 5,000 டாலருக்கு வாங்கிய தறிகளை 50 டாலருக்குக் கேட்பாரில்லை, இறுதியில் தலா 26 டாலருக்குப் பழைய இரும்பாகப் போயின.

இதிலிருந்து எல்லா மென்பொருள் நிறுவனங்களும் துணி ஆலையாகிவிடும் என்று முடிவு கட்டுவது பிழை. வங்கியின் உள்ளோட்டத்தை முப்பது ஆண்டுகளாக அறிந்த நிறுவனத்தை ஒரே நாளில் மாற்றிவிட எந்த வாடிக்கையாளரும் துணிவதில்லை. தவறு நேர்ந்தால் பொறுப்பேற்க ஒரு கையொப்பம் தேவைப்படும் இடங்களில் இயந்திரம் மட்டும் போதாது. பாலராமபுரத்தின் எறிநாடாத் துணிக்கு இருந்த தனித்தன்மை போன்ற ஏதோ ஒன்று சில நிறுவனங்களிடம் உண்டு. ஆனால் தனித்தன்மை இருப்பதும் அதற்குரிய விலையை வசூலிக்கும் வலிமை இருப்பதும் வேறுவேறு என்பதைப் பாலராமபுரமே காட்டிவிட்டது. எனவே ஆராய வேண்டியவை: ஊழியர் தொகை நின்றபின்னும் வருவாய் ஏறுகிறதா, ஒப்பந்தங்களில் ஆள்-மணிக் கணக்கு எவ்வளவு, விளைவுக்கு விலை எவ்வளவு, பழைய வாடிக்கையாளர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது தொகை குறைகிறதா என்பன. முதலாவது எண் காலாண்டு அறிக்கையிலேயே கிடைக்கும். மற்றவற்றை நிறுவனங்கள் விரும்பி வெளியிடுவதில்லை. பகுப்பாய்வாளர் கூட்டங்களின் எழுத்துப்படிகளில் தேடினால் சில நேரம் அகப்படும்.

எல்லையோரக் குடும்பத்துக்கு இதில் ஓர் இரட்டைச் சுமை உள்ளது. முதலீடு பற்றிய பாடநூல்கள் அதைப் ‘பரவலின்மை’ என்று ஒரே சொல்லில் கடந்துவிடும். சம்பளம் மென்பொருள் நிறுவனத்திலிருந்து வருகிறது. பணிக்கொடையாகக் கிடைத்த பங்கும் அதே நிறுவனத்தினுடையது. மாதந்தோறும் பிடிக்கப்படும் பரஸ்பர நிதித் தொகை தொழில்நுட்பத் துறை நிதிக்குப் போகிறது. கழக்கூட்டத்துக்கு அருகே கடனில் வாங்கிய அடுக்ககத்தின் மதிப்பும் டெக்னோபார்க் நிறைந்திருப்பதைச் சார்ந்தது. வேலை, சேமிப்பு, வீடு மூன்றும் ஒரே காற்றில் ஆடுகின்றன. 1938இல் வங்கியில் பணம் வைத்திருந்த வணிகர்க்குக்கூட வயலோ தோப்போ தனியாக இருந்தது.

நெசவாளர் வீடுகள் இதை வேறு விதமாகக் கையாண்டன. நூல் தந்தவரும் துணி வாங்கியவரும் கடன் கொடுத்தவரும் ஒரே முதலாளியாக இருந்த அமைப்பில் அவர்களுக்குத் தெரிவு குறைவு. ஆனாலும் 1970களுக்குப் பின் வளைகுடா வாய்ப்பு திறந்தபோது தறி உள்ள வீட்டிலிருந்து ஒருவர் கடல் கடந்தார், ஒருவர் கடைக்கணக்கு எழுதப் போனார், பெண்கள் பாவு வேலையைத் தொடர்ந்தனர். தறியைத் தூக்கி எறியவில்லை. அதை மட்டும் நம்பியும் இருக்கவில்லை. இரட்டைத் தெருவில் இன்றும் ஓடும் தறிகளின் முன் அமர்ந்திருப்பவர்களுள் பெரும்பாலோர் நடுவயதைக் கடந்தவர்கள்.